கிழவர் கப்பலேறுகிறார்

போன மாதம் ஒரு பணி நிறைவுப் பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். முப்பத்தாறு வருஷம் ஒரே வங்கியில் குப்பை கொட்டிய நண்பர். சால்வை, சந்தன மாலை, சுவர்க் கடிகாரம் எல்லாம் வரிசையாக வந்தன. (இனிமேல் பொழுதே போகாது என்று புலம்புகிற மனிதருக்கு எதற்காகக் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) கடைசியாக மைக் பிடித்தவர் ஓர் ஆங்கிலப் பேராசிரியர். நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர். கண்ணை மூடிக்கொண்டு, டென்னிசனின் ‘யுலிஸிஸ்’ கவிதையின் கடைசிப் பத்துப் பதினைந்து வரிகளைப் புத்தகம் பார்க்காமல் சொன்னார். உடம்பு தளர்ந்தால் என்ன, புறப்படு என்கிற மாதிரியான வரிகள். புரிந்தவர்கள், புரியாதவர்கள் எல்லோரும் கை தட்டினோம்.

பந்தியில் நண்பரின் மனைவி என் எதிரில் வந்து நின்றார்.

“அந்த சார் இங்கிலீஷ்ல ஏதோ சொன்னாரே, அது என்ன கதை?”

“இருபது வருஷம் ஊரை விட்டுப் போயிருந்த ஒரு ராஜா. ஒரு வழியா திரும்பி வந்துட்டான். வயசாயிடுச்சு. ஆனா வீட்டுல சும்மா உட்கார முடியலை. மறுபடியும் கப்பலேறிப் போறேன்னு கிளம்பறான்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அவன் பொண்டாட்டி?”

பாயசம் குடிக்கிற சாக்கில் தப்பித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். எழுபது வரிதான். கல்லூரியில் உருப்போட்டது, நடுவில் பல தடவை புரட்டியது. ஆனால் இந்தக் கேள்வியோடு படித்ததில்லை. அதனால் இந்த வாரம் அந்த அம்மாளுக்குப் பதில் சொல்ல முயற்சி செய்கிறேன். நீங்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. ஒடிஸியஸ் என்பது கிரேக்கப் பெயர். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது யுலிஸிஸ் ஆகிவிட்டது. இத்தாக்கா என்ற சின்னத் தீவின் ராஜா. டிராய் யுத்தத்தில் பத்து வருஷம். மரக்குதிரை யோசனை இவனுடையதுதான். யுத்தம் முடிந்து ஊர் திரும்ப இன்னொரு பத்து வருஷம். ஒற்றைக்கண் அரக்கன், மனிதர்களைப் பன்றியாக்கும் சர்ஸி, பாட்டுப் பாடியே ஆளைக் கொல்லும் சைரன்கள். கலிப்ஸோ என்ற தேவதை இவனை ஏழு வருஷம் தன் தீவில் பிடித்து வைத்திருக்கிறாள். என்னோடு இருந்துவிடு, உனக்கு மரணமே கிடையாது என்கிறாள். வேண்டாம், எனக்கு வீட்டுக்குப் போகணும் என்கிறான். ஊரில் மனைவி பெனலோப்பி, அவளை மணக்க வந்து வீட்டிலேயே டேரா போட்டுவிட்ட நூற்றுச் சொச்சம் பேரைச் சமாளிக்கிறாள். மாமனாருக்குப் பிரேதத் துணி நெய்து முடித்ததும் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை ராத்திரியில் பிரித்துப் போட்டு மூன்று வருஷம் ஓட்டுகிறாள். இருபது வருஷம் காத்திருந்த நாய் ஆர்கோஸ், எஜமானனை அடையாளம் கண்டு வாலை ஆட்டிவிட்டு அங்கேயே செத்துப்போகிறது.

ஹோமரின் ‘ஒடிஸி’ மொத்தமும் ஒரு மனுஷன் வீட்டுக்குப் போகிற கதை. டென்னிசனின் கவிதை, வீடு வந்து சேர்ந்தவனுக்கு வீடு பிடிக்காமல் போகிற கதை. இந்த ஒரு திருப்பத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

கவிதையில் பேசுகிறவன் யுலிஸிஸ். கதை சொல்லி, வர்ணனை எதுவும் கிடையாது. அவன் வாய்மொழி மட்டும்தான். தான் சோம்பலாக உட்கார்ந்திருப்பதைச் சொல்லி ஆரம்பிக்கிறான். அணைந்து கிடக்கிற அடுப்பங்கரை, பாறைத் தீவு, வயசான மனைவி, தன்னைப் புரிந்துகொள்ளாத காட்டுமிராண்டி ஜனங்கள், அவர்களுக்குச் சட்டம் வழங்குகிற சலிப்பான உத்தியோகம். அப்புறம் பார்த்த ஊர்கள், குடித்த போர்கள். அனுபவம் என்பதை ஒரு வளைவுக்கு ஒப்பிடுகிறான். அதற்குள் பார்த்தால் போகாத ஊர் பளபளக்கிறது. கிட்டே போகப் போக அதன் எல்லை தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. ரயிலில் போகும்போது தூரத்து மலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது பகுதி மகன் டெலிமாக்கஸைப் பற்றி. நல்ல பையன், பொறுமைசாலி, ராஜ்யத்தைப் பார்த்துக்கொள்வான், அவன் வேலை அவனுக்கு, என் வேலை எனக்கு. மூன்றாவது பகுதியில் துறைமுகம். கப்பல் தயார். சாயங்காலம். தன்னோடு உழைத்த மாலுமிகளைப் பார்த்துப் பேசுகிறான். நமக்கு வயசாகிவிட்டது, பழைய பலம் இல்லை, ஆனாலும் சூரியன் மறைகிற திசையைத் தாண்டிப் போவோம். மூழ்கினாலும் மூழ்குவோம், ஒருவேளை புண்ணிய ஆத்மாக்களின் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நமக்குத் தெரிந்த அக்கிலீஸைப் பார்த்தாலும் பார்ப்போம். இத்தோடு முடிகிறது.

பத்தொன்பது வயதில் இதைப் படித்தபோது எனக்கு ரோமம் சிலிர்த்தது. அந்த வயதில் எல்லோருக்கும் வீடு சலிப்பாகத்தான் இருக்கும். யுலிஸிஸ் கட்சியில் சேர்ந்துவிட்டேன். நாற்பது வயதில், குழந்தைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் படித்தபோது இந்த மனுஷன் மேல் எரிச்சல் வந்தது. எல்லாவற்றையும் பிள்ளை தலையில் கட்டிவிட்டு ஓடுகிறான், அதைக் கவிதையாக வேறு சொல்கிறான் என்று தோன்றியது. மனைவிக்குக் கவிதையில் ஒரே ஒரு அடைமொழி. பெயர்கூட இல்லை. மூன்று வருஷம் துணியைப் பிரித்துப் பிரித்து நெய்தவளுக்குக் கிடைத்த பட்டம், ‘வயசானவள்’. மகனைப் பாராட்டுகிற வார்த்தைகளிலும் சூடே இல்லை. ஆபீஸில் பிடிக்காத ஜூனியருக்கு எழுதித் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. இந்தக் கோபம் எனக்கு மட்டும் வந்ததில்லை. இவன் வீரனா, பொறுப்பில்லாதவனா என்று விமர்சகர்கள் பல காலமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. அந்த மாலுமிகள் யார்?

ஹோமரைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒடிஸியஸோடு போன ஒருத்தர்கூட ஊர் திரும்பவில்லை. கடைசிக் கப்பலில் இருந்தவர்கள் சூரிய தேவனின் மாடுகளை அடித்துத் தின்று, அந்தப் பாவத்துக்கு இடி விழுந்து மூழ்கிப்போனார்கள். ஒடிஸியஸ் தன்னந்தனியாக, வேற்று நாட்டுக் கப்பலில், அதுவும் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேர்கிறான். கரையில் அவனைத் தூக்கத்தோடு இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் டென்னிசன் கவிதையில் துறைமுகத்தில் நிற்கும் பழைய கூட்டாளிகள் எங்கிருந்து வந்தார்கள்?

இதற்குப் புத்தக அறிவுப் பதில் ஒன்று உண்டு. டென்னிசனுக்கு ஹோமர் மட்டும் மூலம் இல்லை, தாந்தேவும் உண்டு. 14ம் நூற்றாண்டு இத்தாலியக் கவி. அவருக்குக் கிரேக்கம் தெரியாது, ஹோமரை நேரடியாகப் படித்ததில்லை. தன்னுடைய ‘நரகம்’ பகுதியின் 26வது காண்டத்தில் யுலிஸிஸை ஒரு தீப்பிழம்புக்குள் வைத்துப் பேச விடுகிறார். தாந்தேயின் யுலிஸிஸ் வீட்டுக்கே போவதில்லை. மகன், அப்பா, மனைவி யார் மீதும் உள்ள பாசம் அவனைத் தடுக்கவில்லை. வயசாகித் தளர்ந்த மாலுமிகளிடம் ஒரு சின்ன பிரசங்கம் செய்து, ஹெர்குலிஸின் தூண்கள் என்று சொல்லப்பட்ட ஜிப்ரால்டரைத் தாண்டி, மனிதர் போகாத கடலில் கப்பலை விடுகிறான். ஐந்து மாதம் கழித்து ஒரு பெரிய மலை தெரிகிறது. சந்தோஷப்படுகிறார்கள். சூறாவளி கிளம்பி, கப்பல் மூன்று சுற்றுச் சுற்றி நாலாவதில் முங்கிவிடுகிறது. அதாவது தாந்தேயிடம் மாலுமிகள் உயிரோடு இருக்கிறார்கள், வீடு இல்லை. ஹோமரிடம் வீடு இருக்கிறது, மாலுமிகள் இல்லை. டென்னிசன் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார். தாந்தேயைப் பற்றி 1929ல் எழுதிய கட்டுரையில் டி.எஸ்.எலியட் இந்த இரண்டு யுலிஸிஸ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டென்னிசனுடையது தட்டையாக இருக்கிறது, அளவுக்கு மீறிக் கவித்துவம் காட்டுகிறது என்று போட்டுத் தள்ளினார்.

எலியட் சொன்னால் மறுபேச்சு உண்டா? உண்டு என்றுதான் எனக்குத் தோணுது. அதற்கு டென்னிசன் இதை எப்போது எழுதினார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் வயது. கிழவனின் குரலில் பேசும் இந்தக் கவிதையை எழுதியபோது அவருக்கு 24 வயது.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவருக்கு ஆர்தர் ஹாலம் என்று ஒரு சிநேகிதன். ஹாலமை அறிந்தவர்கள் எல்லோரும் மகா புத்திசாலி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1830ல் இந்த இரண்டு பையன்களும் ஸ்பெயின் ராஜாவை எதிர்த்த கலகக்காரர்களுக்குப் பணமும் ரகசியச் செய்தியும் கொடுக்க பிரனீஸ் மலைவரை போய் வந்திருக்கிறார்கள். நிஜமான சாகசம். அடுத்த வருஷம் டென்னிசனின் அப்பா இறந்துபோனார். டென்னிசன் பட்டம் வாங்காமலே லிங்கன்ஷயர் கிராமத்து வீட்டுக்குத் திரும்பினார். நிறைய உடன்பிறப்புகள், நிறையப் பிரச்னைகள். அவருடைய இரண்டாவது தொகுதியை 1833 ஏப்ரலில் ஒரு பெரிய பத்திரிகை நார் நாராகக் கிழித்தது. இதற்கு நடுவில் ஆறுதல் ஹாலம்தான். டென்னிசனின் தங்கை எமிலியை மணக்கப் போகிறவனும் அவன்தான்.

1833 செப்டம்பர் 15ம் தேதி, அப்பாவோடு ஊர் சுற்றப் போன இடத்தில், வியன்னாவில், ஹாலம் திடீரென்று இறந்துபோனான். மூளையில் ரத்தக் கசிவு. வயது 22. அக்டோபர் முதல் வாரத்தில் ஹாலமின் மாமா எழுதிய கடிதம் டென்னிசன் வீட்டுக்கு வந்தது. ‘யுலிஸிஸ்’ கைப்பிரதியில் இருக்கும் தேதி அக்டோபர் 20. அந்தத் தேதியில் ஹாலமின் உடல் இன்னும் இங்கிலாந்து வந்து சேரவில்லை. கடல் வழியாகக் கொண்டுவந்து 1834 ஜனவரியில்தான் அடக்கம் செய்தார்கள்.

இப்போது கவிதையை மறுபடி படித்துப் பாருங்கள். செத்துப்போன மாலுமிகளோடு பேசுகிற கிழவன். போகிற வழியில் ஒருவேளை அக்கிலீஸைப் பார்க்கலாம் என்கிற நப்பாசை. அக்கிலீஸ் யார்? இளம் வயதில் செத்துப்போன வீரன். ஹோமரின் காவியத்திலும் ஒடிஸியஸ் அவனைப் பார்க்கிறான், பாதாளத்தில். அங்கே அக்கிலீஸ் சொல்வது பயங்கரம்: செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, பூமியில் ஏதாவது ஓர் ஏழைக் குடியானவனிடம் கூலி வேலை செய்வேன் என்கிறான். டென்னிசனுக்கு இது தெரியாததல்ல. கிரேக்கம் படித்தவர். தெரிந்தே அக்கிலீஸைப் பாதாளத்திலிருந்து தூக்கிப் புண்ணியத் தீவில் வைக்கிறார். நண்பனை வேறு எங்கே வைப்பது?

பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஹாலமின் மரணத்துக்குப் பிறகு, எல்லாம் போய்விட்டது என்ற நினைப்போடு, ஆனாலும் வாழ்க்கையை முட்டி மோதிக் கடந்துதான் ஆகவேண்டும் என்ற உணர்வில் எழுதியது என்று. ஹாலமுக்காக அவர் பதினேழு வருஷம் எழுதி 1850ல் வெளியிட்ட ‘இன் மெமோரியம்’ என்ற நீண்ட இரங்கற்பாவைவிட இதில் தன் மனசு அதிகம் இருப்பதாகவும் சொன்னார். அந்தப் பெரிய கவிதையில் அழுகிறார். இதில் அழாமல் நிற்கப் பார்க்கிறார். அதற்கு ஒரு கிழவனின் வேஷம் தேவைப்பட்டது. 24 வயதில் நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒரே வாரத்தில் அறுபது வயதாகிவிட்டது என்பார்கள்.

இதே சமயத்தில் இன்னொரு கவிதையையும் ஆரம்பித்தார். ‘டித்தோனஸ்’. சாகாவரம் வாங்கி, இளமையைக் கேட்க மறந்துபோய், மூப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகிற ஒருவன், என்னைச் சாக விடுங்கள் என்று கெஞ்சுகிற கவிதை. அதை 1860ல்தான் வெளியிட்டார். ஒரு கிழவன் கப்பலேறுகிறான், இன்னொரு கிழவன் போதும் என்கிறான். ஒரே துக்கத்தின் இரண்டு குரல்கள். முதல் குரலை மட்டும் கேட்டுவிட்டு அதை உற்சாக டானிக் என்று நினைப்பது பாதிக் கவிதையைப் படித்த மாதிரிதான்.

உற்சாக டானிக் என்று எடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஒரு வேடிக்கை. 1845ல் பிரதமர் ராபர்ட் பீல் டென்னிசனுக்கு வருஷத்துக்கு 200 பவுண்டு அரசாங்கப் பென்ஷன் கொடுத்தார். டென்னிசன் யாரென்றே தெரியாத பீலிடம் ஒரு நண்பர் இந்தக் கவிதையைக் கொடுத்து மனசை மாற்றினார் என்பது பிரபலமான கதை. ஓய்வு பெற மாட்டேன் என்று அடம் பிடிக்கிற கவிதையைக் காட்டிப் பென்ஷன் வாங்கியிருக்கிறார்கள்!

அமெரிக்க அரசியல்வாதிகள் மேடையில் சொன்னார்கள். 1989ல் வந்த ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ படத்தில் ஒரு மாணவன் மற்ற மாணவர்களுக்கு எடுத்துவிடுவான். 2012ல் வந்த ‘ஸ்கைஃபால்’ ஜேம்ஸ்பாண்ட் படத்தில் ஜூடி டெஞ்ச், வேலை போகிற நிலைமையில், விசாரணைக் குழு முன்னால் சொல்வார். அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக் கிராமத்துச் சுவரில் கடைசி வரியைப் பொறித்தார்கள்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது அண்டார்க்டிகாதான். தென் துருவத்தை முதலில் தொடப் போன ஸ்காட் குழு, 1912 ஜனவரி 17ல் அங்கே போய்ச் சேர்ந்தபோது நார்வேக்காரர் அமுண்ட்சென் ஐந்து வாரம் முன்னாலேயே வந்துபோன தடயங்கள் இருந்தன. திரும்பும் வழியில் பசியிலும் குளிரிலும் ஐந்து பேரும் இறந்தார்கள். 1913 ஜனவரியில் சக பயணிகள் ஒரு குன்றின் மேல் மரச் சிலுவை நட்டு, அதில் ஐந்து பெயர்களையும் ‘யுலிஸிஸ்’ கவிதையின் கடைசி வரியையும் செதுக்கினார்கள். என்ன எழுதுவது என்று விவாதம் நடந்ததாம். பைபிள் வசனம் போடலாம், வீட்டுப் பெண்கள் அதையெல்லாம் பெரிதாக நினைப்பார்கள் என்று ஒரு பேச்சு. கடைசியில் டென்னிசன் ஜெயித்ததில் தனக்குச் சந்தோஷம் என்று அந்தக் குழுவில் இருந்த செரி-கரார்ட் எழுதியிருக்கிறார். ஸ்காட்டின் மனைவி கேத்லீன் அப்போது கணவரை வரவேற்க நியூஸிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். பிப்ரவரியில் நடுக்கடலில் வயர்லெஸ் செய்தி வந்தது. ஸ்காட் இறந்து அப்போது பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி மனைவியிடமே வந்து நிற்கிறது.

சங்கதி என்னவென்றால், கவிதையின் ஓசையே இந்த வீரத்தை முழுசாக நம்பவில்லை. ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தால் இது தெரியும். எதுகை, இயைபு கிடையாது. வரிக்கு ஐந்து தட்டு. நீளநீளமான உயிர் ஓசைகள். புறப்படு புறப்படு என்கிறது அர்த்தம். இருக்கட்டும், மெதுவாகப் போகலாம் என்கிறது சத்தம். மாத்யூ ஆர்னால்ட் என்ற விமர்சகர் 1860களின் ஆரம்பத்தில் ஹோமர் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசியபோது, அந்த வளைவு உவமை வருகிற மூன்று வரிகள் மட்டுமே ‘இலியட்’ காவியத்தின் ஒரு முழுக் காண்டத்துக்கு ஆகிற நேரத்தைக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்கின்றன என்று கிண்டலடித்தார். குறையாகச் சொன்னார். எனக்கு அதுதான் கவிதையின் உயிராகப் படுகிறது. எழுபதாவது வரியிலும் கப்பல் கிளம்பவில்லை, கவனியுங்கள். கிழவன் கரையில்தான் நிற்கிறான். பேசிக்கொண்டே இருக்கிறான். தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்கிறவன் இப்படித்தான் பேசுவான். எலியட் தட்டை என்றது இந்தப் பேச்சைத்தான். தாந்தேயின் ஆள் உண்மையிலேயே போய் மூழ்கினான், ஆகவே அவன் கதையில் வேகம் இருக்கிறது. இவன் இன்னும் போகவில்லை. போக வேண்டுமே என்ற பாரம் இருக்கிறது.

தாந்தேயின் யுலிஸிஸுக்கு நடந்த ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இத்தாலிய யூதரான ப்ரீமோ லெவி, 1944ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதி. கூட இருந்த ஒரு பிரெஞ்சுப் பையனோடு சூப் அண்டாவைத் தூக்கிவரப் போகிறார். அவனுக்கு இத்தாலிய மொழி கற்றுக்கொடுக்க, பள்ளியில் படித்த அந்த 26வது காண்டத்தை ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பிக்கிறார். நடுவில் வரிகள் மறந்துபோகின்றன. அந்த விட்டுப்போன வரிகளுக்காக இன்றைய சூப்பையே கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது அவருக்கு. அந்த இடத்தில் சூப் என்றால் உயிர். மிருகம்போல வாழவா பிறந்தோம் என்று யுலிஸிஸ் மாலுமிகளைக் கேட்கிற கட்டம் அது. அந்த முகாமில் அந்தக் கேள்வி என்னவாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டில் சௌகரியமாக இருந்துகொண்டு, கிழவன் பொறுப்பில்லாதவன் என்று நாம் தீர்ப்புச் சொல்லும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, பெண்டாட்டி விஷயம்.

ஹோமரில் ஒரு காட்சி இருக்கிறது, 23வது காண்டம். வந்திருப்பவன் உண்மையிலேயே கணவன்தானா என்று பெனலோப்பிக்குச் சந்தேகம். வேலைக்காரியைக் கூப்பிட்டு, நம்ம கட்டிலைத் தூக்கி வெளியே போடு என்கிறாள். ஒடிஸியஸுக்குக் கோபம் வந்துவிடுகிறது. எப்படித் தூக்க முடியும்? வேரோடு நிற்கிற ஆலிவ் மரத்தையே காலாக வைத்து நான் செய்த கட்டிலாச்சே என்கிறான். அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அவர்களுக்காக அதீனா தேவி விடியலையே தள்ளிப்போடுகிறாள்.

அந்த ராத்திரி, படுக்கப் போவதற்கு முன்னாலேயே, ஒடிஸியஸ் ஒரு விஷயம் சொல்கிறான். என் கஷ்டம் இன்னும் முடியலை, மறுபடி ஒரு பயணம் பாக்கி இருக்கு என்று. பாதாளத்தில் டைரீசியஸ் என்ற தீர்க்கதரிசி சொல்லி அனுப்பியது. தோளில் ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டும். கடலையே பார்த்திராத, சாப்பாட்டில் உப்புப் போடத் தெரியாத ஜனங்கள் இருக்கிற இடம் வரை. அங்கே எவனாவது வழிப்போக்கன் அந்தத் துடுப்பைப் பார்த்து, என்னப்பா, தானியம் தூற்றுகிற பலகையா என்று கேட்டால், அதுதான் இடம். துடுப்பை அங்கே நட்டு, கடல் தேவனுக்குப் படையல் வைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அப்புறம் நல்ல மூப்பில், மக்கள் சுகமாகச் சூழ்ந்திருக்க, சாவு மெதுவாக வரும்.

பெனலோப்பி அழவில்லை, தடுக்கவில்லை. மூப்பாவது நல்லபடியா இருக்கும்னு தெய்வம் சொல்லியிருந்தால், கஷ்டத்திலிருந்து விடிவு உண்டு என்று நம்பலாமே என்கிறாள். அவ்வளவுதான். ஹோமரின் ஒடிஸியஸும் மறுபடி போகத்தான் போகிறான். ஆனால் மனைவியிடம் சொல்கிறான், முதல் ராத்திரியே. திரும்பியும் வருவான். டென்னிசனின் யுலிஸிஸ் மாலுமிகளிடம் சொல்கிறான், மகனைக் காட்டி ஊராரிடம் சொல்கிறான், நம்மிடம் சொல்கிறான். அவளிடம் சொன்னதாக ஒரு குறிப்பும் இல்லை. அந்த அடுப்பு அணைந்து கிடந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கவிதையின் குறை என்று இதைச் சொல்வேனா? இத்தனை வருஷத்துக்குப் பிறகு, மாட்டேன். அந்த 24 வயதுப் பையனுக்கு அன்றைக்கு மனைவி இல்லை, மகன் இல்லை. சிநேகிதன் மட்டும் இருந்தான், அவனும் போய்விட்டான். கவிதையில் வருகிற வீடு காலி வீடாக இருப்பது அதனால்தான். துக்கத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு, உயிரோடு பக்கத்தில் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். இது குரூரம்தான். உண்மையும்கூட. பின்னால் டென்னிசன் கல்யாணம் செய்துகொண்டார். மூத்த பையனுக்கு ஹாலம் என்று பெயர் வைத்தார்.

நிஜமாகவே கிழவரான பிறகு, 1889ல், எண்பதாவது வயதில், வைட் தீவுக்குப் படகில் போகும்போது பதினாறே வரியில் ‘கிராஸிங் தி பார்’ என்ற கவிதை எழுதினார். மறுபடி அதே சாயங்காலம், அதே கடல், அதே புறப்பாடு. ஆனால் அதில் சவால் இல்லை, பிரசங்கம் இல்லை. நான் கிளம்பும்போது யாரும் அழ வேண்டாம் என்கிறார். தன் எல்லாத் தொகுப்புகளிலும் அதையே கடைசியில் வைக்கச் சொன்னார். 24 வயதில் எழுதிய கிழவன் கத்துகிறான். 80 வயதில் எழுதிய கிழவர் மெல்லப் பேசுகிறார். இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள். அரை மணிகூட ஆகாது.

நண்பர் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். சுவர்க் கடிகாரம் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அவர் மொட்டை மாடியில் ஏதோ குழாய் ரிப்பேரில் இருந்தார். அவர் மனைவியிடம் மேலே எழுதிய கதையெல்லாம் சொன்னேன். கட்டில், துடுப்பு எல்லாம். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“சொல்லிட்டுப் போனான் இல்லே, அது போதும் சார்.” டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, “ஆனா ஒண்ணு. துடுப்பைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கறதுக்கு, அவளையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா பேச்சுத் துணையாவது இருந்திருக்கும்” என்றார்.

ஹோமர், தாந்தே, டென்னிசன் மூன்று பேருக்கும் தோன்றாத யோசனை.